வெயிலும் பேட்டரியும்: பாலாற்றுக் கரைக் கார்களுக்கான பராமரிப்பு முறை

கார் பேட்டரியைப் பற்றிய கையேடுகளில் பெரும்பாலானவை குளிர் நாட்டு அனுபவத்தைக் கொண்டு எழுதப்பட்டவை என்பதால், பேட்டரிக்கு முதல் பகை குளிர்தான் என்ற எண்ணம் அவற்றின் வழியாக இங்கும் பரவியிருக்கிறது. வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய பாலாற்றுக் கரை ஊர்களைக் கொண்ட தோல் தொழில் வட்டாரத்துக்கு இது பொருந்தாது. கோடையில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் வெயிலும், பல இடங்களில் உப்பேறிப்போன நிலத்தடி நீரும்தான் இங்கே பேட்டரியின் ஆயுளைக் குறைக்கின்றன. கத்திரி வெயிலில் அடிபட்ட பேட்டரி அப்போதே நின்றுவிடுவதில்லை. மழைக்காலத்தைச் சமாளித்துக் கடந்து, மார்கழி விடியற்காலையில் எஞ்சின் ஆயில் சற்றே தடித்திருக்கும் நேரத்தில் கையை விரித்துவிடுகிறது. அன்றைய பனியைக் குறை சொல்லும் உரிமையாளர், ஏழெட்டு மாதங்களுக்கு முன்பே தகடுகளில் தொடங்கிய அரிப்பை அறிவதில்லை. ஆகவே ஜம்ப் ஸ்டார்ட் செய்யும் முறையை அறிவது எவ்வளவு தேவையோ, அதற்கான தேவை வராமல் பார்த்துக்கொள்ளும் முறையை அறிவது அதைவிடத் தேவை.

பேட்டரிக்குள் நடப்பது

இன்றும் கார்களில் இருப்பது, 1859இல் பிரான்சு நாட்டு இயற்பியலாளர் காஸ்டன் பிளான்டே உருவாக்கிய ஈய-அமில பேட்டரியின் வழிவந்ததே ஆகும். ஒரு பெட்டிக்குள் ஆறு அறைகள் உள்ளன. செல் எனப்படும் இந்த அறை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் மின்னழுத்தம் தருவதால், முழுச் சார்ஜில் ஆறும் சேர்ந்து 12.6 வோல்ட் வரை காட்டுகின்றன. ஒவ்வொரு செல்லிலும் ஈயத் தகடுகளும் ஈய டையாக்சைடு பூசிய தகடுகளும் மாறி மாறி நிற்க, அவற்றைச் சுற்றி நீர் கலந்த கந்தக அமிலம் நிரம்பியிருக்கும். தோல் பதனிடுவதில் பிக்கிள் எனப்படும் கட்டத்தில் தோலை உப்போடும் கந்தக அமிலத்தோடும் டிரம்மில் சுழற்றுவார்கள் என்பதால், இந்த அமிலத்தின் குணம் ஆம்பூர்த் தொழிலாளர்களுக்குப் புதிதல்ல. அமிலத்தைத்தான் நீரில் சேர்க்க வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்று அவர்கள் கடைப்பிடிக்கும் விதி, பேட்டரிக்கு அமிலம் கலக்கும் கடைக்கும் அப்படியே பொருந்தும்.

மின்சாரம் வெளியேறும்போது அமிலத்திலுள்ள சல்பேட் தகடுகளில் ஒட்டிக்கொள்கிறது. சார்ஜ் ஏறும்போது மீண்டும் அமிலத்துக்கே திரும்புகிறது. சார்ஜ் குறைந்த நிலையில் பேட்டரி நாள்கணக்கில் கிடந்தால், ஒட்டிய சல்பேட் கெட்டியான படிகமாக இறுகி, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாத நிலைக்குச் செல்கிறது. சல்பேஷன் என்று எலெக்ட்ரீசியன்கள் குறிப்பிடும் இந்தக் கேடும், வெயிலால் விரைவுபடும் தகட்டு அரிப்பும்தான் பேட்டரியின் ஆயுளை முடித்துவைக்கும் இரு பெரிய காரணங்கள். வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்ற பொதுக் கணக்கின்படி, தொடர்ந்து 35 டிகிரியில் இருக்கும் பேட்டரியின் ஆயுள் 25 டிகிரியில் இருப்பதன் ஆயுளில் பாதியாகக் குறையலாம். பானட்டுக்குள் எஞ்சினை ஒட்டியிருக்கும் பேட்டரி, வெளிக்காற்றைவிட அதிக வெப்பத்தையே எப்போதும் தாங்கிக்கொண்டிருக்கிறது.

பழுது பேட்டரியில்தானா?

வண்டி கிளம்பவில்லை என்றதும் ஜம்பர் கேபிளைத் தேடுவது தவறான தொடக்கம். சாவியைத் திருப்பும்போது டேஷ்போர்டு விளக்குகள் மங்கி, டிக் டிக் டிக் என்று விட்டுவிட்டு ஒலி வருமானால், ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றப் பேட்டரியில் வலு இல்லை என்று கொள்ளலாம். ஹெட்லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்க, ஒரே ஒரு டக் ஒலியோடு அடங்கிவிட்டால், செல்ஃப் என்று வழங்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரையோ அதன் இணைப்பையோதான் சந்தேகிக்க வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுழன்றும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பழுது எரிபொருளிலோ பற்றவைப்பிலோ இருக்கிறது. அங்கே ஜம்பர் கேபிளுக்கு வேலையே இல்லை.

சில நூறு ரூபாயில் கிடைக்கும் மல்டிமீட்டர் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்பங்கு மட்டுமே மீதம் என்று கணக்கு. ஒருவர் செல்ஃப் அடிக்க மற்றொருவர் மீட்டரைக் கவனித்தால், அந்தச் சில நொடிகளில் அளவு 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. சார்ஜ் நிறைந்திருந்தும் இறங்கினால் பேட்டரியின் உள்வலு குன்றிவிட்டது என்று முடிவு செய்யலாம். இன்னும் எளிய ஒரு சோதனையும் உண்டு. டெர்மினல் கவ்வியைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். அது ஆடினாலோ, ஈயக் குமிழைச் சுற்றி வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தாலோ, இறுக்கித் துடைப்பதிலேயே வண்டி கிளம்பிவிடக்கூடும்.

ஜம்ப் ஸ்டார்ட்

வலு இழந்த பேட்டரியோடு மற்றொரு வாகனத்தின் நல்ல பேட்டரியைக் கேபிளால் இணைத்து, அதன் வலுவைக் கொண்டு எஞ்சினைக் கிளப்புவதே ஜம்ப் ஸ்டார்ட் ஆகும். இங்கே முதலில் கவனிக்க வேண்டியது உதவ வரும் வாகனத்தின் வோல்ட் அளவு. சென்னை-பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை 48இல் பள்ளிகொண்டாவுக்கும் வாணியம்பாடிக்கும் இடையே ஒரு கார் நின்றுவிட்டால், முதலில் நிறுத்தி இறங்கி வருபவர் பெரும்பாலும் லாரி ஓட்டுநராகவே இருப்பார். அவருடைய மனம் பெரியது. ஆனால் அவருடைய லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும். கனரக லாரிகளிலும் பேருந்துகளிலும் பெரும்பாலும் இதுவே அமைப்பு. அதைக் காரோடு இணைத்தால், எஞ்சினை ஆளும் கணினியான இ.சி.எம்., மியூசிக் சிஸ்டம், விளக்குகள் எல்லாம் ஒரு நொடியில் கருகிப்போகலாம்; பேட்டரியே வெடிக்கவும் கூடும். லாரியின் இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால் போதுமே என்று சிலர் சொல்வதுண்டு. எந்த முனை எந்த பேட்டரியைச் சேர்ந்தது என்பதை இருட்டில், சாலையோரத்தில் பிழையின்றி அறிவது கடினம் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது. மற்றொரு காரும், சின்ன யானை என்று அழைக்கப்படும் டாட்டா ஏஸ் சரக்கு வண்டியும் 12 வோல்ட் அமைப்பு உடையவை. அவற்றின் உதவியைத்தான் நாட வேண்டும். அதுவும் கிடைக்காதபோது நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033ஐ அழைக்கலாம்.

இணைக்கும் முன் பேட்டரியை நன்றாகப் பார்க்க வேண்டும். பக்கங்கள் உப்பியிருந்தாலோ, பெட்டி விரிசல் கண்டு அமிலம் கசிந்திருந்தாலோ, அழுகிய முட்டையின் நாற்றம் வீசினாலோ அதை ஜம்ப் செய்யக் கூடாது. தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியில் தகடுகள் நீருக்கு வெளியே தெரிந்தாலும் இதே விதிதான். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றி வைப்பது நன்று, ஏனெனில் இரு முனைகளுக்கும் குறுக்கே ஓர் உலோகம் பட்டால் சில நொடிகளில் அது பழுக்கக் காய்ந்து தோலைச் சுட்டுவிடும்.

இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல், கேபிள் எட்டும் தூரத்தில், நியூட்ரலில் கைபிரேக் போட்டு நிற்க வேண்டும், ஏ.சி., விளக்கு, பாட்டு அனைத்தும் அணைந்திருக்க வேண்டும். சிவப்புக் கேபிளின் ஒரு கவ்வியை வலு இழந்த பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும், அடுத்த கவ்வியை நல்ல பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் மாட்டிய பிறகு, கறுப்புக் கேபிளின் ஒரு கவ்வியை நல்ல பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மாட்ட வேண்டும். நான்காவது கவ்வியில்தான் பலர் தவறுகிறார்கள். அதை வலு இழந்த பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மாட்டாமல், அந்தக் காரின் எஞ்சினில் வண்ணம் பூசப்படாத கனத்த உலோகப் பகுதியில், பேட்டரியிலிருந்து இயன்ற அளவு தள்ளி மாட்ட வேண்டும். சுற்று முழுமை பெறும் அந்தக் கடைசி இணைப்பில் ஒரு பொறி பறப்பது இயல்பு. பேட்டரியின் மேற்புறத்திலோ ஹைட்ரஜன் வாயு தேங்கியிருக்கக்கூடும். காற்றில் 4 விழுக்காடு கலந்திருந்தாலே தீப்பற்றக்கூடிய வாயு அது. பொறியும் வாயுவும் சந்திக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. காரணத்தை அறிந்தவர் வரிசையை மறக்க மாட்டார். வரிசையை மட்டும் மனப்பாடம் செய்தவர், நெடுஞ்சாலை இருட்டில் லாரிகள் பக்கத்தில் சீறிச் செல்லும் பதற்றத்தில் அதை மாற்றிச் செய்துவிடுவார்.

இதன் பின் உதவும் வண்டியின் எஞ்சினை ஓடவிட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து, நின்ற வண்டியில் சாவியைத் திருப்ப வேண்டும். ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. பிடிக்கவில்லை என்றால் ஓரிரு நிமிடம் விட்டு மறுபடி முயலலாம். மூன்று நான்கு முயற்சிகளுக்குப் பிறகும் அசையாத வண்டிக்கு எலெக்ட்ரீசியன்தான் வர வேண்டும். கிளம்பிவிட்டால், அந்த வண்டியின் ஏ.சி. விசிறியை ஓடவிட்டு, மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கவ்விகளை எடுக்க வேண்டும். அதாவது எஞ்சின் உலோகத்தில் மாட்டிய கறுப்பு முதலில், வலு இழந்த பேட்டரியின் சிவப்பு கடைசியில். விசிறி ஓடினால், கவ்வியை எடுக்கும் கணத்தில் எழும் மின்னழுத்த ஏற்றத்தை அது ஓரளவு வாங்கிக்கொள்ளும். ஹைபிரிட், மின்சாரக் கார்களிலும் சிறிய 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு என்றாலும், அவற்றைக் கொண்டு பிற வண்டிகளைக் கிளப்புவதைப் பல தயாரிப்பாளர்கள் தடை செய்துள்ளதால், அந்தந்தக் காரின் கையேட்டைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

கேபிளின் தரத்தைப் பற்றி ஒரு சொல். கடைகளில் தடித்துத் தெரியும் கேபிள்கள் பலவற்றில் ரப்பர் உறைதான் தடிப்பு. உள்ளே இருப்பது தாமிரப் பூச்சுப் பெற்ற மெல்லிய அலுமினியக் கம்பி. பெட்ரோல் காருக்கு 16 சதுர மில்லிமீட்டரும், டீசல் காருக்கு 25 சதுர மில்லிமீட்டரும் தடிப்புள்ள முழுத் தாமிரக் கேபிளே நூறு ஆம்பியருக்கு மேல் பாயும் மின்னோட்டத்தைச் சூடேறாமல் தாங்கும். கையடக்க லித்தியம் ஸ்டார்ட்டர் கருவிகளை இப்போது பலர் வாங்கிக் காரிலேயே போட்டுவைக்கிறார்கள். பூட்டி நிறுத்திய காருக்குள் வெப்பம் வெளியைவிட 20 டிகிரிக்கும் மேல் ஏறக்கூடிய வேலூர் மதியத்தில் இது ஆபத்தான பழக்கம். பயணத்தின்போது எடுத்துச் சென்று, வீடு திரும்பியதும் நிழலில் வைப்பதே முறை.

தள்ளி ஸ்டார்ட் செய்யும் பழைய வழி கியர் வண்டிகளுக்கு இன்னும் உதவும். சாவியை ஆன் செய்து, கிளட்சை மிதித்து, இரண்டாம் கியர் போட்டு, வண்டி ஓட்டம் பிடித்ததும் கிளட்சைச் சட்டென விட வேண்டும். எரிபொருள் பம்பையும் கணினியையும் இயக்கும் அளவுக்காவது பேட்டரியில் உயிர் இருந்தால்தான் இது பலிக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் முயலவே கூடாது.

கிளம்பிய பின்

எஞ்சின் ஓடியதும் வேலை முடிந்ததாக எண்ணுவது பரவலான பிழை. எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், ஓரளவு சார்ஜ் குறைந்த பேட்டரியைத் தாங்கிப் பிடிக்கவே அமைக்கப்பட்டது. அடியோடு வற்றிய பேட்டரியை நிரப்புவது அதன் தொழிலன்று. நின்ற இடத்திலேயே ஐட்லிங்கில் அது தரும் மின்சாரம் மிகக் குறைவு, ஏ.சி.யும் ஓடினால் பேட்டரிக்கு மிஞ்சுவது சொற்பம். குறைந்தது அரை மணி நேரமாவது வண்டியைச் சாலையில் ஓட்டி, பிறகு கூடிய விரைவில் கடையில் சார்ஜ் போடுவதே சரி. பேட்டரியின் கொள்ளளவான ஆம்பியர்-அவரில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் என்பது பழைய கணக்கு. சிறிய பெட்ரோல் கார்களில் வழக்கமாக வரும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு மூன்றரை ஆம்பியர் வீதம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருவதாகச் சொல்லும் கடையில் தகடுகள் சூடேறி நெளியும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13க்கு அருகிலேயே நின்றால் ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோ தளர்ந்திருக்கிறது. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுதடைந்து பேட்டரியைக் கொதிக்கவைக்கிறது. இதைப் பார்க்காமல் புதுப் பேட்டரி மாட்டியவர்களுக்கு, சில மாதங்களில் இன்னொன்று வாங்கும்படி ஆகிவிடும்.

தண்ணீர்

இந்த வட்டாரத்துத் தண்ணீர் பேட்டரிக்கு ஆகாததன் காரணம் தோல் தொழிலில் தொடங்குகிறது. பதனிட வரும் பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பில் இட்டுக் கொண்டுவரப்படுகிறது. அந்த உப்பு முதல் ஊறலிலேயே நீரில் கரைந்து வெளியேறுகிறது. பல பத்தாண்டுகளாக இவ்வாறு வெளியேறிய உப்பு நீர் பாலாற்றுப் படுகையின் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகக் கண்ட ஆய்வை எடுத்துக்காட்டுகிறது. பயிரைக் கருக்கிய அதே குளோரைடு உப்பு பேட்டரிக்குள் சென்றால் ஈயத் தகட்டின் சட்டத்தை அரிக்கிறது. நீரிலுள்ள இரும்பு, சார்ஜ் தானாகவே வடிவதை விரைவுபடுத்துகிறது. எனவே அவசரத்துக்கு என்றுகூட போர்வெல் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ இந்த வட்டாரத்தில் பேட்டரிக்கு ஊற்றக் கூடாது. கேனில் வரும் குடிநீரிலும் கரைந்த உப்பு மீதம் இருக்கிறது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்துவைத்து ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது குளிர்சுருளின் தூசியையும் உலோகத் துகளையும் கழுவிக்கொண்டு வருவதால் தூய நீராகாது. பேட்டரி நீருக்கான இந்தியத் தர அளவை ஐ.எஸ். 1069 வரையறுத்திருக்கிறது, சிறிய செலவில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரை வாங்குவதில் சிக்கனம் பார்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

வற்றுவது நீர் மட்டுமே, அமிலம் அல்ல. ஆகவே அமிலம் சேர்க்கத் தேவையில்லை. தகடுகளின் மேல் பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் நிற்கும் அளவுக்கு, கூடுமானால் சார்ஜ் ஏறிய பிறகு, நீர் விட வேண்டும். பங்குனி முதல் ஆனி வரை மாதம் ஒருமுறை மூடிகளைத் திறந்து பார்ப்பது இந்த வெயிலுக்கு மிகையாகாது. ஆறு செல்களில் ஒன்றில் மட்டும் நீர் திரும்பத் திரும்பக் குறைகிறதா என்று கவனிக்க வேண்டும். அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை அதே செல்லில் இறக்கினால், மற்ற ஐந்திலும் 1.250 அளவில் நிற்கும் மிதவை அங்கே 1.150க்கு அமிழ்ந்து காட்டக்கூடும். அந்த ஒரு செல்லோடு பேட்டரியின் கதை முடிகிறது. மூடியே இல்லாத பராமரிப்புத் தேவையற்ற வகையில் பச்சைக் கண் என்று சிறு கண்ணாடித் துளை இருக்கும். அது ஒரே ஒரு செல்லின் நிலையை மட்டுமே சொல்கிறது என்பதால், பச்சையைக் கண்டு முழுதும் நம்பிவிடக் கூடாது.

டெர்மினலில் பூத்திருக்கும் பொருக்கை, வெந்நீரில் கலந்த சமையல் சோடாவை ஊற்றி, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் நுரைத்துக் கரைந்துவிடும். அந்த நீர் செல்லுக்குள் இறங்காமல் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். உலர்ந்தபின் கவ்வியை இறுக்கி, மேலே வாசலின் தடவலாம். தோல் பதனிடும் ஆலை வளாகத்துக்குள்ளேயே நாள் முழுதும் நிற்கும் கார்களில் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கிறது. முடி நீக்கும் கட்டத்தில் பயன்படும் சல்பைடிலிருந்து எழும் வாயு தாமிரத்தைக் கறுக்கவைக்கும் தன்மை உடையது. உப்புத் தூசியும் அதோடு சேர்கிறது.

நிற்கும் கார்

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வெளி மாநிலங்களிலிருந்து காரில் வந்து, லாட்ஜில் வாரக்கணக்கில் தங்குவோரும், வெளிநாட்டு வேலையிலிருந்து ஆண்டுக்கொருமுறை ஊர் திரும்பும் ஆம்பூர், வாணியம்பாடிக் குடும்பத்தினரும் ஒரே சிக்கலைச் சந்திக்கிறார்கள். பூட்டிய காரிலும் கடிகாரம், அலாரம், சாவியின் சமிக்ஞைக்காகக் காத்திருக்கும் கருவி ஆகியவை மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கின்றன. இது 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-அவர்; 35 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரு மாதத்துக்குள் வற்றிவிடும். தனியே பொருத்திய டேஷ் கேமராவோ ஜி.பி.எஸ். கருவியோ இருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்காமல் போகலாம். இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கும் என்றால் நெகட்டிவ் கவ்வியைக் கழற்றி வைப்பது எளிய தீர்வு. கழற்றும்போது நெகட்டிவ் முதலிலும், மாட்டும்போது அது கடைசியிலும் வர வேண்டும். இல்லையேல் பாசிட்டிவ் முனையில் இருக்கும் ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டுப் பொறி பறக்கும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பதால் பயன் இல்லை; செல்ஃப் எடுத்த மின்சாரம்கூட அதில் திரும்பாது.

புதியதும் பழையதும்

புதுப் பேட்டரி வாங்கும்போது சி.சி.ஏ. என்ற எண்ணுக்கு இங்கே பெரிய பொருள் இல்லை. அது உறைநிலைக்கும் கீழே 18 டிகிரிக் குளிரில் பேட்டரி தரும் வலுவைக் குறிப்பது. கார்த் தயாரிப்பாளர் சொல்லும் ஆம்பியர்-அவர், முனைகள் இடமா வலமா என்ற அமைப்பு, உற்பத்தி மாதம், வாரண்டியில் இலவச மாற்றுக்காலம் எவ்வளவு என்பவையே முக்கியம். கடையின் அலமாரியில் ஒரு கோடையைக் கழித்த பேட்டரியை வாங்கக் கூடாது. திருப்பதியை அடுத்த கரகம்பாடியிலும் ஓசூரிலும் பெரிய பேட்டரி ஆலைகள் இருக்கும்போது, புதிய சரக்கு வேலூருக்கு வந்து சேர்வதில் தடை ஏதும் இருக்க முடியாது.

பழைய பேட்டரியைக் காயலான் கடையில் எடைக்குப் போடுவதில் ஒரு தீங்கு ஒளிந்திருக்கிறது. எடை பார்க்கும் முன் அமிலத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஈயம் கலந்த அந்த அமிலம் இந்த வட்டாரத்தில் கடைசியில் சேருமிடம் பாலாற்றுப் படுகை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பதில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக நிலைநாட்டி, தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது மேற்சொன்ன 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 அதே கொள்கையைப் பேட்டரிகளுக்கும் பொருத்தி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது சுமத்துகின்றன. புதியதை வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால், அதற்குரிய தொகையை விலையில் கழித்துக்கொள்கிறார்கள். அந்தக் கழிவு பில்லில் தனி வரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொண்டுசெல்லும் வழியில் பேட்டரியைச் சாய்க்காமல், பிளாஸ்டிக் தட்டில் நிமிர்த்தி, முனைகளில் டேப் ஒட்டி வைக்க வேண்டும். அமிலம் சிந்திவிட்டால் சமையல் சோடாவைத் தூவி, நுரை அடங்கியபின் நிறைய நீர் ஊற்றிக் கழுவ வேண்டும்; கண்ணில் தெறித்தால் ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிய பிறகு, தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.